பூட்டியிருந்ததாக எழுதிய வீடு

14 ஜனவரி, செவ்வாய்

நாலு நாளாக விட்டு விட்டு மழை. துவைத்த துணி எதுவும் காயவில்லை, வீடு முழுக்க ஈர நாற்றம்.

எங்கள் ஊர்க் கொசு ஒழிப்புப் பிரிவின் பொறுப்பாளராக, இந்த வருடத்து டெங்கு அவசரத் திட்டத்தை இன்று மதியம் பிராந்திய அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன். மற்ற ஊர்களின் கொசு ஒழிப்புப் பிரிவுகளில் பக்கத்து ஊர்த் திட்டத்தை வாங்கி, ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி அனுப்புவார்கள். போன வருடம் ஓர் ஊரில் அதைக்கூட ஒழுங்காகச் செய்யவில்லை. கடலிலிருந்து பத்து மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஊர், “கடற்கரைக் குடிசைகளுக்கு முதலில் மருந்து அடிக்கப்படும்” என்று எழுதி அனுப்பியிருந்தது. பிராந்திய அலுவலகத்தில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். என் திட்டம் அப்படி இல்லை. ஒவ்வொரு வரியும் நானே உட்கார்ந்து எழுதியது. அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு ஒரு கூச்சமும் இல்லை.

விஷயம் எளிது. நூறு வீட்டில் ஒரு வீட்டுக்கும் குறைவாகக் கொசுப்புழு இருந்தால் ஊர் பச்சை. ஒன்றைத் தொட்டால் மஞ்சள். நாலைத் தொட்டால் சிவப்பு. மஞ்சள் வந்த அன்றே குப்பை லாரிகள் தெருத் தெருவாகப் போகும். மருந்தடிக்கும் வண்டிகள் வரும். சுகாதார நிலையம் சனி ஞாயிறும் திறந்திருக்கும், டிரிப்ஸ் ஏற்ற நாற்காலிகள் போடப்படும். இந்தக் கடைசி வரிக்காக மட்டும் சுகாதாரச் செயலர் டாக்டர் அல்டயிரோடு இரண்டு மாதம் மல்லுக்கு நின்றேன். “பணத்துக்கு எங்க போறது, டோனா மரில்டா?” என்றார், எரிச்சலிலும் மரியாதைக்கான அந்த ‘டோனா’வை விடாமல். காய்ச்சலுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு உண்டா என்று கேட்டேன். கையெழுத்துப் போட்டுவிட்டார்.

நாளை வீடு வீடாகப் புழுக் கணக்கெடுப்பு தொடங்குகிறது. குலுக்கலில் எங்கள் தெருவும் விழுந்திருக்கிறது.

16 ஜனவரி, வியாழன்

காலையில் ரேடியோவில் என் வாராந்திரப் பேச்சு. நன்றாகப் பேசினேன் என்று எல்லோரும் சொன்னார்கள். வேறு ஒன்றும் இல்லை.

17 ஜனவரி, வெள்ளி

“வேறு ஒன்றும் இல்லை.” நேற்று எழுதியதை இப்போது படித்தேன். வேறு யாரும் படிக்காத டைரியில் யாரை ஏமாற்ற இதை எழுதினேன்?

நடந்ததை எழுதுகிறேன்.

ரேடியோவில் வழக்கம்போல வாய் கிழியப் பேசினேன். “கொசு வானத்துல இருந்து குதிக்கிறதில்ல, அம்மாமாரே. உங்க வீட்டுலதான் பொறக்குது. பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், ஃபிரிட்ஜுக்குப் பின்னால இருக்கிற தட்டு. வாரத்துல ஒரு நாள் கையை விட்டுத் தேய்ச்சுக் கழுவ வலிக்குதா?” அதோடு விட்டேனா? “சில பேரு அழகுக்குன்னு வாசல் நெறைய புரோமேலியாச் செடி வளர்க்கிறாங்க. இலைக்கு நடுவுல தண்ணி தேங்கி நிக்குது. கொசுவுக்குத் தொட்டில் கட்டித் தாலாட்டுறாங்க” என்றேன். பெயர் சொல்லவில்லை. ஆனால் எங்கள் தெருவில் வாசல் நிறையப் புரோமேலியா வைத்திருப்பது ஒரே ஒருத்தி, பக்கத்து வீட்டு ஜுல்மீரா. அறுபத்தொரு வயது. பேச்சுத் துணைக்கு அந்தச் செடிகள்தான். மூன்று வருடமாக ரேடியோவில் அவளை இப்படிக் குத்திக்கொண்டிருக்கிறேன். அவளும் மூன்று வருடமாகத் தெருவில் பார்த்தால் “நேத்து நல்லாப் பேசுனீங்க” என்று சொல்லிவிட்டுப் போவாள்.

மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தேன். அடுப்பில் பீன்ஸ் கொதித்துக்கொண்டிருந்தது. வாசலில், ஆளைக் கூப்பிடும் கைதட்டல். எங்கள் பிரிவு எடிவால்டோ, தோளில் பையும் கையில் டார்ச்சுமாக. வேலையில் சுணக்கம், வாயில் சுறுசுறுப்பு, அதுதான் எடிவால்டோ.

“தலைவி, கணக்குல உங்க வீடு வருது. பாத்ததா போட்டுக்கவா, இல்ல உள்ள வரவா?”

“ஒழுங்கா உள்ள வந்து பாரு” என்றேன். அவனுக்குப் பாடம் நடத்துகிற நினைப்பு எனக்கு. குளியலறை, கொல்லை, தண்ணீர்த் தொட்டி என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். சமையலறையில் அவன் ஃபிரிட்ஜை இழுத்தான். நான் பீன்ஸைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

“தலைவி.”

“என்ன?”

“பண்ணையே வச்சிருக்கீங்க.”

பின்பக்கத் தட்டில் இரண்டு விரல் ஆழத்துக்குத் தண்ணீர். டார்ச் வெளிச்சத்தில் புழுக்கள் துள்ளிக்கொண்டிருந்தன. சில கூட்டுப் பருவத்துக்கே வந்துவிட்டன, இன்னும் ஒரு நாள், இரண்டு நாளில் பறந்திருக்கும். எத்தனை ஏற்கெனவே பறந்ததோ. முட்டிவலி வந்ததிலிருந்து நான் அந்த ஃபிரிட்ஜை நகர்த்தவே இல்லை. ஆகஸ்டுக்கு அப்புறம் ஒரு தடவைகூட இல்லை. முட்டிவலியாம். எத்தனை வீட்டுப் பெண்கள் என்னிடம் இதே முட்டிவலியைச் சொன்னார்கள், நான் என்ன பதில் சொன்னேன்?

அவன் சிரித்தபடி குப்பியில் புழுவைப் பிடித்துக்கொண்டிருந்தான். நான் குப்பியை வாங்கிப் பாத்திரத் தொட்டியில் கவிழ்த்து, மேலே கொதிநீரை ஊற்றிவிட்டேன்.

“பூட்டியிருந்ததுன்னு எழுது” என்றேன்.

அவன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். நான் விளையாடவில்லை என்று புரிந்ததும் சிரிப்பு நின்றது. “சரி, தலைவி” என்று பேனாவை எடுத்தான்.

வீடு பூட்டியிருந்தால் அடுத்த வீட்டைப் பார்த்துக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது விதி. அடுத்த வீடு ஜுல்மீராவுடையது. அரை மணி நேரத்தில் திரும்பி வந்து வாசலில் நின்றபடியே சொன்னான்: “ஒவ்வொரு செடியா டார்ச் அடிச்சுப் பாத்தேன். சுத்தம். வாரம் ரெண்டு தடவை குழாய்த் தண்ணியைப் பீய்ச்சி அடிக்குதாம் அந்தம்மா. புழு வராம இருக்கக் காபித் தூள் வேற போட்டு வச்சிருக்கு. எனக்கும் ஒரு காபி குடுத்துச்சு.”

தட்டை மூன்று முறை தேய்த்துக் கழுவினேன். பீன்ஸ் அடிப்பிடித்துவிட்டது.

24 ஜனவரி, வெள்ளி

கணக்கெடுப்பு முடிவு வந்தது. பார்த்தது 433 வீடு, புழு இருந்தது 4 வீடு. 0.92. பச்சை.

என் வீட்டையும் சேர்த்தால் ஐந்து. 1.15. மஞ்சள்.

ஒன்பது வருடமாக இந்த வேலை பார்க்கிறேன். ஒரே ஒரு வீட்டில் ஊரின் நிறம் மாறி ஒருநாளும் கண்டதில்லை. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், வேறு எங்காவது கூட்டலில் பிசகியிருக்காதா என்று. இல்லை. கூட்டல் சரி. நான்தான் பிசகு.

டாக்டர் அல்டயிர் போன் செய்தார். “ஆறு வருஷத்துல ஜனவரி மாசம் பச்சை வர்றது இதுதான் மொதல் தடவை, டோனா மரில்டா. மேயர் உங்களைப் பத்திப் பெருமையாப் பேசுனாரு.” அப்போதே சொல்லியிருக்கலாம். டாக்டர், ஒரு வீடு விட்டுப்போச்சு என்று ஆரம்பித்திருந்தால் போதும். ஆனால் யார் வீடு என்று கேட்பாரே. அந்த ஒரு கேள்விக்குப் பயந்து நன்றி சொல்லிவிட்டு வைத்தேன்.

30 ஜனவரி, வியாழன்

சதுக்கத்தில் தட்டி கட்டியிருக்கிறார்கள்: “நம் ஊர் பச்சை. நன்றி.” அலுவலகத்துக்குச் சுற்று வழியில் போனேன்.

7 பிப்ரவரி, வெள்ளி

காலையில் எடிவால்டோ வந்து மேஜை ஓரத்தில் உட்கார்ந்தான். “தலைவி, இன்னைக்கு மத்தியானம் என்னையும் பூட்டிய வீடுன்னு வச்சுக்குங்க. ஆத்துல மீன் நல்லா விழுதாம்.”

சரி என்றேன். போன வெள்ளியும் சரி என்றேன். மிரட்டவெல்லாம் இல்லை, அவன் அப்படிப்பட்டவனும் இல்லை. இருவரும் சேர்ந்து ஏதோ திருட்டு மாங்காய் தின்ற மாதிரி சிரிக்கிறான், அவ்வளவுதான். எனக்குத்தான் அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் உடம்பு கூசுகிறது. முன்பெல்லாம் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தாலும் அவனை நிற்கவைத்துப் பிடிபிடியென்று பிடிப்பேன்.

15 பிப்ரவரி, சனி

ஜுல்மீராவின் மகள் சிமோனி மதியம் வந்தாள். பார்க்க வந்த இடத்தில், தாய் படுக்கையில் கிடந்தாளாம். நேற்று ராத்திரியிலிருந்து காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, எலும்பெல்லாம் முறிகிற மாதிரி இருக்கிறதாம்.

“சுகாதார நிலையம் பூட்டிக் கெடக்கு, டோனா மரில்டா. திங்கட்கிழமைதான் தெறப்பாங்களாம். நம்ம ஊரு பச்சைன்னு தட்டி கட்டியிருக்கே. அப்ப இது டெங்குவா இருக்காதுல்ல?”

நான் என்ன சொன்னேன்? எழுதித்தான் ஆக வேண்டும். “இருக்காதுன்னுதான் நினைக்கிறேன். தண்ணி நெறையக் குடுங்க, திங்கட்கிழமை காட்டிக்கலாம்” என்றேன்.

கண்ணுக்குப் பின்னால் வலி என்றால் என்னவென்று ரேடியோவில் நூறு தடவை சொன்னவள் நான்.

மஞ்சள் என்றிருந்தால் இன்று சுகாதார நிலையம் திறந்திருக்கும். நான் எழுதிய வரி அது.

16 பிப்ரவரி, ஞாயிறு

காலையிலிருந்து ஜுல்மீரா வீட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். போய்க் கதவைத் தட்டவில்லை. காரில் ஏற்றிப் பிராந்திய மருத்துவமனைக்குக் கூட்டிப்போயிருக்கலாம், ஒரு மணி நேரம்தான். போனால் பேச வேண்டியிருக்குமே என்று இருந்துவிட்டேன்.

17 பிப்ரவரி, திங்கள்

ஜுல்மீராவை ஆம்புலன்ஸ் வந்து கொண்டுபோனது. ஈறிலிருந்து ரத்தம் வந்ததாம். இரவில் தலை சுற்றி விழுந்திருக்கிறாள். சுகாதார நிலைய நர்ஸ் சொன்னாள்: “சனிக்கிழமையே டிரிப்ஸ் ஏத்தியிருந்தா இவ்வளவு தூரத்துக்கு வந்திருக்காது.”

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, பொதுவாகத்தான் சொன்னாள். ஆனாலும் நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

19 பிப்ரவரி, புதன்

தெருவே பேசுகிறது. ரொட்டிக் கடையில் எனக்கு முன்னால் நின்றவள் சொன்னாள்: “அந்தச் செடிங்கதான். டோனா மரில்டா தலைதலையா அடிச்சுக்கிட்டாங்க, கேட்டாளா? இப்ப அனுபவிக்கிறா.” திரும்பிப் பார்த்து என்னைக் கண்டதும், “இல்லையா, டோனா மரில்டா?” என்றாள். ரொட்டி வாங்காமலே வந்துவிட்டேன்.

மாலையில் சிமோனியும் அவள் கணவனும் புரோமேலியா முழுவதையும் வேரோடு பிடுங்கி வாசலில் குவித்தார்கள். எனக்கு ஜன்னலை விட்டு நகர முடியவில்லை. அந்தச் செடிகள் சுத்தம் என்று எங்கள் அலுவலகத்துத் தாளில் எழுதியிருக்கிறது. எடிவால்டோ கையெழுத்து, அதன் கீழே சரிபார்த்தவள் என்று என் கையெழுத்து. ஓடிப்போய் நிறுத்தியிருந்தால், எப்படித் தெரியும் என்று சிமோனி கேட்டிருப்பாள். அதே தாளில் மேல் வரியில் என் வீடு, பூட்டியிருந்ததாக.

குப்பை வண்டிக்காரன் “இது நல்ல செடியாச்சே” என்று இரண்டைத் தனியே எடுத்துவைத்தான். சிமோனி அதையும் பிடுங்கி வண்டிக்குள் எறிந்தாள்.

20 பிப்ரவரி, வியாழன்

தொண்டை சரியில்லை என்று ரேடியோவுக்குச் சொல்லிவிட்டேன். தொண்டைக்கு ஒன்றும் இல்லை.

23 பிப்ரவரி, ஞாயிறு

பிராந்திய மருத்துவமனைக்குப் போனேன். எப்படியும் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். வழி நெடுக வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டினேன்.

ஜுல்மீரா பாதியாக இளைத்திருந்தாள். இரண்டு கையிலும் ஊசி குத்தின இடமெல்லாம் கன்றிக் கறுத்திருந்தது. ரத்தத் தட்டணு இப்போதுதான் ஏற ஆரம்பித்திருக்கிறதாம். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மரில்டா, நீ எவ்வளவு சொன்ன. நான்தான் கேக்கல. வெளியில ‘நல்லாப் பேசுனீங்க’ன்னு சொல்லிட்டு உள்ள வந்து உன்னத் திட்டுவேன். இந்தப் பொம்பளைக்கு வேற வேலையில்ல, அழகா ஒண்ணு இருந்தா கண்ணு பொறுக்காதுன்னு. என் செடியால தெருவுல வேற யாருக்காவது வந்திருந்தா நான் என்ன பண்ணுவேன்? என்னை மன்னிச்சுரு.”

இப்போது சொல், இப்போது சொல் என்று உள்ளே ஒன்று அடித்துக்கொண்டது.

“பரவாயில்ல, டோனா ஜுல்மீரா” என்றேன்.

பரவாயில்லையாம்.

24 பிப்ரவரி, திங்கள்

தூங்கவில்லை. நீ என்ன மனுஷிடி? செத்துப் பொழச்சவ கையைப் பிடிச்சு மன்னிப்பு கேக்குறா, நீ மகாராணி மாதிரி குடுத்துட்டு வர்ற. யாரு யாருக்குக் குடுக்கிறது? ஒரு தட்டு அழுக்குத் தண்ணிக்காக. ஊரு சிரிக்குமேன்னு. சிரிச்சா என்ன ஆகியிருக்கும்? ரெண்டு நாள் சிரிச்சுட்டு மூணாம் நாள் மறந்திருப்பாங்க. நாலு பேரு சிரிப்புக்குப் பயந்து ஒருத்திய ரத்தம் கக்க விட்டுட்டியே.

காலையில் அலுவலகத்தில் எங்கள் தெருவிலிருந்தே இன்னும் மூன்று காய்ச்சல் தகவல். அதில் ஒன்று ஒன்பது மாதக் கர்ப்பிணி.

எடிவால்டோவைக் கூப்பிட்டு, தாளைத் திருத்தப்போகிறேன் என்று சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது. “தலைவி, உங்க வீட்டுக் கொசு நெத்தியில பேரு எழுதிக்கிட்டா பறக்குது? எந்தக் கொசு அவங்களைக் கடிச்சுச்சோ, யாரு கண்டா? இத்தனை நாள் கழிச்சு எதுக்குக் கிளறுறீங்க?”

எந்தக் கொசு என்று எனக்கும் தெரியாது. அந்தச் சனிக்கிழமை சுகாதார நிலையத்தின் கதவு ஏன் பூட்டியிருந்தது என்பது தெரியும். அதைச் சொன்னேன். அவன் நெடுநேரம் தொப்பியை உருட்டிக்கொண்டிருந்தான். “எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு” என்றான். நான் சொல்லித்தான் எழுதினாய் என்று எழுதுகிறேன், உன் பேரில் பழி வராது என்றேன். நம்பினானா தெரியவில்லை.

25 பிப்ரவரி, செவ்வாய்

செயலரிடம் சொன்னேன். நின்றுகொண்டேதான் சொன்னேன், உட்கார முடியவில்லை.

டாக்டர் அல்டயிர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. அது இன்னும் மோசம். “சனிக்கிழமை கார்னிவல். வெளியூரு ஜனமெல்லாம் ரூம் போட்டாச்சு. இப்பப் போய் மஞ்சள்ங்கிறீங்க” என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே வழியும் சொன்னார். “ஆய்வுக் கூடத்துல இருந்து ஒரு குப்பி முடிவு தாமதமா வந்துச்சுன்னு எழுதிடலாம். மஞ்சளும் வரும், உங்க பேரும் நிக்கும். யாருக்கும் நஷ்டமில்ல.”

ஒரு நொடி, இல்லை, ஒரு நொடிக்கும் மேலே, அது எவ்வளவு இனிப்பாக இருந்தது. ஊருக்கு வேண்டியது கிடைக்கும், எனக்கும் ஒன்றும் ஆகாது. சரி என்று சொல்லவும் வாய் திறந்தேன். ஆனால் அந்தப் பொய்யையும் எடிவால்டோதான் எழுத வேண்டும், ஆய்வுக் கூடத்துப் பெண்ணும் எழுத வேண்டும். அப்புறம் எத்தனை வெள்ளிக்கிழமை, எத்தனை பேருக்கு நான் சரி சொல்ல வேண்டியிருக்கும்?

முடியாது என்றேன். பிராந்திய அலுவலகத்துக்கு உள்ளதை உள்ளபடி எழுதி, நான் சொல்லித்தான் பணியாளர் அப்படிக் குறித்தார் என்பதையும் சேர்த்து அனுப்பினேன். 433 வீடு, 5 வீடு. மதியத்துக்குள் மாநிலத் தலைநகர் பெலோ ஒரிசோண்டியிலிருந்தே போன் வந்துவிட்டது.

தட்டியை இறக்கிவிட்டார்கள்.

27 பிப்ரவரி, வியாழன்

ரேடியோவில் மஞ்சள் அறிவிப்பைப் படித்தேன். அறிவிப்பாளர் கேட்டார்: “ஒரே மாசத்துல எப்படி மாறிடுச்சு, டோனா மரில்டா?”

“கணக்குல ஒரு வீடு விட்டுப்போச்சு.”

“யாரு வீடு?”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவுக்காரர் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார். ஊர் முழுக்க அடுப்படியில் கேட்டுக்கொண்டிருக்கும்.

“அது விசாரணையில இருக்கு” என்றேன்.

கோழை. தாளில் எழுத வந்த துணிச்சல் வாயில் வரவில்லை.

8 மார்ச், சனி

சுகாதார நிலையத்துக்குப் போய்ப் பார்த்தேன். டிரிப்ஸ் நாற்காலி எல்லாம் நிரம்பி, பெஞ்சிலும் ஆட்கள். எங்கள் தெருக் கர்ப்பிணி அங்கே இருந்தாள். போன ஞாயிறு இங்கேயே ஏற்றிவிட்டார்களாம், காய்ச்சல் இறங்கிவிட்டது, குழந்தைக்கும் ஒன்றும் இல்லையாம். லாரிகள் தெருத் தெருவாகப் பழைய டயர்களை அள்ளுகின்றன. மருந்து வண்டி நான் வரைந்த வழியிலேயே போகிறது. திட்டம் எங்கேயும் இடறவில்லை.

நர்ஸ் என் கையைப் பிடித்து, “இந்த நாற்காலி மட்டும் இல்லேன்னா என்ன ஆகியிருக்கும்? உங்க யோசனைதானாமே” என்றாள். கையை உருவிக்கொண்டு வந்துவிட்டேன்.

22 மார்ச், சனி

விசாரணை முடிந்து உத்தரவு வந்தது. பொறுப்பாளர் பதவி போயிற்று. இனி களப்பணி, எடிவால்டோ குழுவிலேயே. அவனுக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை மட்டும். வேறு ஊரிலிருந்து புதுப் பொறுப்பாளர் வருகிறார்.

யார் வீடு என்பது இப்போது ஊருக்கே தெரியும். பெட்டிக்கடையில் ஒருவன் என் முதுகுக்குப் பின்னால் ஃபிரிட்ஜ் கதவு திறக்கிற மாதிரி சத்தம் எழுப்பினான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இத்தனை நாள் பயந்தது இதற்குத்தான். இவ்வளவுதானா?

ஆஸ்பத்திரியிலிருந்து மகள் வீட்டுக்குப் போன ஜுல்மீரா இன்னும் அங்கேதான், பக்கத்து ஊரில் இருக்கிறாள். அவளுக்கு யாரும் சொல்லியிருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். அப்புறம்தான் யோசித்தேன், அதையும் என் நல்லதுக்குத்தான் வேண்டுகிறேனா என்று. இல்லை. இந்த ஒன்றை நானே போய்ச் சொல்ல வேண்டும்.

5 ஏப்ரல், சனி

ஜுல்மீரா நேற்று வீடு திரும்பினாள். இன்று காலை போனேன். கையில் எதுவும் கொண்டுபோகவில்லை. கேக் செய்யலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டேன்.

முடி நிறையக் கொட்டியிருக்கிறது, தலையில் துணி கட்டியிருந்தாள். வாசலில் வெறும் மண், செடி இருந்த இடமெல்லாம் குழி. “வா, வா” என்று சமையலறைக்குக் கூட்டிப்போய் காபி போட்டாள். நின்று போட முடியாமல் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டே போட்டாள்.

மகள் சொல்லியிருக்கவில்லை. யாருமே சொல்லியிருக்கவில்லை.

சொன்னேன். ஃபிரிட்ஜ், குப்பி, பூட்டியிருந்தது என்று எழுதச் சொன்னது, அவள் செடிகள் சுத்தம் என்று எழுதியிருந்தது, அந்தச் சனிக்கிழமை. ஒன்றும் விடவில்லை. கடைசியில் மன்னித்துவிடு என்று கேட்க நினைத்திருந்தேன். அந்த வார்த்தை வாயில் வந்தபோதே அதை இந்த வீட்டில் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று தோன்றியது. சொல்லவில்லை.

அவள் காபிக் கரண்டியைக் கீழே வைத்தாள். வாசல் பக்கம் திரும்பினாள்.

“செடியைப் பிடுங்கச் சொன்னதே நான்தான். ஆஸ்பத்திரியில இருந்து போன்ல சொன்னேன், ஒண்ணுகூட வைக்காதேன்னு.”

“பிடுங்கினதைப் பாத்தேன்.”

“ரத்தம் வந்ததுக்கும் யாரையும் ஒண்ணும் சொல்ல மாட்டேன். வர்றது வரும். ஆனா நான் உன் கையைப் பிடிச்சு மன்னிப்பு கேட்டேன், மரில்டா. நீ பரவாயில்லைன்னு சொன்ன. என்னை மன்னிச்ச.”

நான் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தேன்.

“இதைக் குடிச்சிட்டுப் போ” என்று காபியை என் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்து உள்ளே போனாள். படுக்கையறைக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. குடித்தேன். குடிக்காமல் வந்தால் அதுவும் ஒரு அவமரியாதை ஆகிவிடும் என்று குடித்தேன். கப்பைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன்.

6 ஏப்ரல், ஞாயிறு

இன்றைக்கும் அழுகைதான். அழுகிறேன் என்பதில்கூட வெட்கமாக இருக்கிறது.

29 ஏப்ரல், செவ்வாய்

மழைக்காலம் முடிந்துவிட்டது. காலையில் வெயில் இதமாக இருந்தது. பை தோளை அறுக்கிறது, முட்டி வலிக்கிறது, ஆனாலும் களப்பணிக்கு வந்த இந்த இரண்டு வாரத்தில் பழகிவிட்டது. வீட்டுக்காரர்கள் சிலர் என்னைப் பார்த்ததும் ஃபிரிட்ஜைத் தாங்களே இழுத்துக் காட்டிவிட்டுச் சிரிக்கிறார்கள். நானும் குனிந்து டார்ச் அடித்துப் பார்க்கிறேன்.

இன்று எங்கள் தெரு. எடிவால்டோ முதலில் என் வீட்டைப் பார்த்து முடித்தான். “சுத்தம். எழுதிக்கிறேன்” என்றவன், பக்கத்து வீட்டைப் பார்த்துத் தயங்கினான். “அந்த வீட்டை நான் பாத்துக்கவா? நீங்க அடுத்த தெருவுக்குப் போங்களேன்.”

இல்லை, என் பட்டியலில் இருக்கிறது என்றேன்.

வாசலில் நின்று கைதட்டினேன். உள்ளே தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. இன்னொரு தடவை தட்டினேன். தொலைக்காட்சிச் சத்தம் நின்றது. ஜன்னல் திரை கொஞ்சம் விலகியது. ஜுல்மீரா என்னைப் பார்த்தாள், நானும் அவளைப் பார்த்தேன். திரை மறுபடி மூடிக்கொண்டது. தொலைக்காட்சிச் சத்தம் திரும்பவும் வந்தது, முன்னைவிடக் கொஞ்சம் கூடுதலாக.

எடிவால்டோ என் பின்னாலிருந்து தணிந்த குரலில், “பூட்டியிருந்ததுன்னு போட்டுருங்க, தலைவி. அவங்களுக்கும் தொல்லையில்ல, உங்களுக்கும் சங்கடமில்ல” என்றான். கேலி இல்லை. பரிவாகத்தான் சொன்னான்.

அனுமதி மறுப்பு என்று எழுதினேன். தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். மறுப்பு என்று எழுதினால் யார் எழுதினாரோ அவரே ஒரு வாரத்துக்குள் மறுபடி போய்க் கேட்க வேண்டும். அடுத்த செவ்வாய்க்கிழமை போகிறேன்.